ஓங்கு, ஒடுங்கு பண்புகளுக்கு அப்பால்: மரபுக்கடத்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் மரபியல் என்றால் மெண்டலின் பட்டாணிதான். நெட்டை, குட்டை, 3:1. பரீட்சைக்கு அது போதும். ஆனால் சொந்த வீட்டு ரத்த வகைச் சீட்டையோ தாய்மாமனின் வழுக்கையையோ அந்தக் கட்டத்துக்குள் போட்டுப் பார்த்தால் கணக்கு இடிக்கும். அப்போது எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே.

அப்படியென்றால் மெண்டல் சொன்னது தவறா?

இல்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என இரண்டு பிரதிகள் நம்மிடம் இருக்கின்றன. நம் பிள்ளைக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் போகும். இந்த அடிப்படை இன்றும் அசையவில்லை. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிந்தால் ஓங்கு, இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால்தான் தெரியும் என்றால் ஒடுங்கு. இந்த இரண்டாவது பகுதிதான் எல்லா இடத்திலும் செல்லாது.

மெண்டல் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளும் பளிச்சென்று இரண்டாகப் பிரிபவை. அப்படிப் பிரிபவற்றைத்தான் அவர் தேடி எடுத்தார். 1866இல் வெளியான அதே கட்டுரையில் பீன்ஸ் செடிகளைக் கலந்து பார்த்ததையும் எழுதியிருக்கிறார். அதில் பூ நிறம் ஊதாவிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வந்தது. ஒரு நிறத்துக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் இருக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். பாடநூல்கள் இந்தப் பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை.

ஓங்கு பண்பு என்றால் அதுதானே ஊரில் அதிகம் இருக்க வேண்டும்?

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனால் எங்கு பார்த்தாலும் ஓ வகைக்காரர்கள். ஆறு விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. ஆனாலும் ஆறு விரல்காரர்கள் அரிது. ஓர் அல்லீல் மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வேறு கணக்கு.

சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் சேர்ந்தால் இளஞ்சிவப்பு வருமா?

அந்திமந்தாரையில் வரும். சாயங்காலம் வாசலில் பூக்கும் அதே செடிதான். மெண்டலின் கட்டுரையை 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான கார்ல் காரென்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இந்தச் செடியை வைத்து வேலை செய்தார். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் பிள்ளைச் செடிகள் எல்லாம் இளஞ்சிவப்பு. காரணம் எளிது: நிறமி செய்யும் பிரதி ஒன்றுதான் இருக்கிறது, அதனால் நிறம் பாதி அளவுக்குத்தான் ஏறுகிறது. இதற்கு முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று பெயர்.

சாயம் கலந்ததுபோல இரண்டும் கரைந்துவிட்டதோ என்று தோன்றும். இளஞ்சிவப்புச் செடிகளைத் தங்களுக்குள் கலந்து பாருங்கள்: அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை. எதுவும் கரையவில்லை. மெண்டலின் விதி அப்படியே உள்ளே ஓடுகிறது. அதன் பலனை மட்டும் நாம் வேறு விதமாகப் பார்க்கிறோம்.

இணை ஓங்குத்தன்மையும் இதுவும் ஒன்றுதானா?

வேறு. முழுமையற்ற ஓங்குத்தன்மையில் நடுவாந்தரமான ஒன்று வரும். இணை ஓங்குத்தன்மையில் இரண்டும் முழுதாகத் தெரியும். சிறந்த உதாரணம் ஏபி ரத்த வகை. சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. ஏ அல்லீல் செய்யும் நொதி அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டும். பி அல்லீலின் நொதி வேறொரு வகையை ஒட்டும். இரண்டு அல்லீலும் உள்ளவரின் அணுக்களில் இரண்டு சர்க்கரையும் இருக்கும். ஓ அல்லீலின் டிஎன்ஏவில் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் நொதி வேலை செய்வதில்லை, சங்கிலி மொட்டையாக நிற்கிறது.

ரத்த வகைகளை ஆஸ்திரிய மருத்துவர் லாண்ட்ஸ்டைனர் 1901இல் விவரித்தார். ஒரே மரபணு இடத்தில் மூன்று அல்லீல்கள் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் 1924இல் காட்டினார். ஒரு மனிதரிடம் அதிகபட்சம் இரண்டுதான் இருக்கும். ஊர் முழுக்கச் சேர்த்தால் மூன்று. இதைப் பல்கூட்டு அல்லீல்கள் என்பார்கள். அதனால் அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ என்பது சர்வ சாதாரணம்: இருவரிடமும் ஓர் ஓ அல்லீல் மறைந்திருந்தால் போதும்.

அப்பா ஓ, அம்மா பி, பிள்ளை ஏபி. இது எப்படி?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பள்ளிக்கூடக் கணக்குப்படி இது நடக்கவே முடியாது. அந்த அரைகுறைக் கணக்கை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு பெண்ணைச் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்காகவே இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், பரிசோதனைச் சீட்டு தப்பாக இருக்கலாம். முகாம்களில் அவசரமாக ஸ்லைடில் பார்த்த ரத்த வகையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூவருக்கும் ரத்த வங்கியில் மறுபடி பாருங்கள்.

சீட்டு சரி என்றால் அடுத்தது பம்பாய் ரத்த வகை. 1952இல் பம்பாயில் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் அவரது குழுவினரும் கண்டறிந்தது. மேலே சொன்ன ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கு முன் எச் என்ற அடிப்படை அமைப்பு அங்கே இருந்தாக வேண்டும். சுவரில் ஆணி இல்லாமல் படம் மாட்ட முடியாதில்லையா, அதுபோல. எச்சைச் செய்வது வேறொரு குரோமோசோமில் உள்ள வேறொரு மரபணு. அதன் இரண்டு பிரதியும் பழுதானால், ஒருவரிடம் ஏ அல்லீல் நன்றாக இருந்தாலும் சிவப்பணுவில் ஏ இருக்காது. சாதாரணச் சோதனையில் அவர் ஓ என்றே காட்டும்.

இப்போது அந்த அப்பாவைப் பாருங்கள். அவர் உண்மையில் பம்பாய் வகை. உள்ளே ஒரு ஏ அல்லீல் இருக்கிறது. பிள்ளைக்கு அதைக் கொடுத்தார். அம்மா ஒரு பி அல்லீலையும் நல்ல எச் மரபணுவையும் கொடுத்தார். ஆணி கிடைத்துவிட்டது; பிள்ளை ஏபி. கணக்கு நேராகிவிட்டது.

இப்படி ஒரு மரபணு வேறொரு மரபணுவின் வேலையை மறைப்பதை மறைப்புத்தன்மை என்கிறார்கள். லாப்ரடார் நாய்களின் கருப்பு, சாக்லேட், மஞ்சள் நிறங்கள் 9:3:4 என்று பிரிவதும் இதனால்தான்: நிறமியை ரோமத்துக்கு அனுப்பும் மரபணு வேலை செய்யாவிட்டால், கருப்பா சாக்லேட்டா என்ற கேள்வியே எழாது.

பம்பாய் வகை இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்று சொல்லப்படுகிறது. இது வெறும் வினோதம் அல்ல. இவர்கள் உடலில் எச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதால் சாதாரண ஓ ரத்தம் ஏற்றினாலும் ஆபத்து. பம்பாய் வகை ரத்தமே வேண்டும். நோயாளியின் சீரத்தை ஓ வகை அணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் ரிவர்ஸ் குரூப்பிங் சோதனையில் இது பிடிபடும். அதனால் நல்ல ரத்த வங்கிகள் அந்தச் சோதனையைத் தவறவிடுவதில்லை.

இவை தவிர, ஏ, பி இரண்டும் ஒரே அல்லீலில் சேர்ந்து வரும் அரிய வகையும் உண்டு. ஆக, ரத்த வகையை வைத்துத் தந்தையை முடிவு செய்ய வேண்டாம். அதற்கு டிஎன்ஏ சோதனை இருக்கிறது.

ஒரே அல்லீல் ஓங்காகவும் ஒடுங்காகவும் இருக்க முடியுமா?

முடியும். சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் கதிர் அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் மாற்றம்.

நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தால், இது ஒடுங்கு பண்பு: இரண்டு பிரதி இருந்தால்தான் நோய், ஒரு பிரதி உள்ளவர் நலமாக இருப்பார். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அவருடைய செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரளவு செல்கள் வளையும்: நடுவாந்தரம். ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்: இணை ஓங்கு. லைனஸ் பாலிங்கின் குழு 1949இல் இதைத்தான் காட்டியது. கடைசியாக மலேரியா. ஒரு பிரதி இருந்தாலே கடும் மலேரியாவிலிருந்து பெரிய பாதுகாப்பு கிடைக்கிறது என்று அந்தோணி அல்லிசன் 1954இல் காட்டினார். அந்தக் கோணத்தில் இதை ஓங்கு என்றே சொல்லலாம்.

ஒரு மரபணுவின் நெற்றியில் ஓங்கு, ஒடுங்கு என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. எதை அளக்கிறோம், எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பெயர் அமைகிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

நமக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் இந்த அல்லீல் முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. நாடு முழுவதும் பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை செய்யும் திட்டம் 2023இல் தொடங்கியது. அந்தப் பரிசோதனையில் ஒரு பிரதி உள்ளவர் என்று தெரிந்தால் அது நோய் என்று பொருளல்ல. ஒரு பிரதி உள்ள இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று; தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

நிறக்குருடு ஏன் ஆண்களுக்கே அதிகம்?

சிவப்பு, பச்சை உணரும் புரதங்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது என்றால் மாற்று கிடையாது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் இன்னொன்று சமாளித்துவிடும். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். ஆகவே அப்பாவின் நிறக்குருடு மகனுக்கு அவர் வழியாக வராது. மகள் வழியாகப் பேரனுக்குப் போகலாம். நிறக்குருடுள்ள பெண்ணின் மகன்கள் எல்லோருக்கும் அது இருக்கும்.

ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியாவும் இதே பாதையில்தான். விக்டோரியா மகாராணியின் வாரிசுகள் வழியாக அது ஐரோப்பிய அரச குடும்பங்களுக்குப் பரவிய கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கொல்லப்பட்ட ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவை வைத்து, அது ஹீமோஃபிலியா பி வகை என்று 2009இல் உறுதியானது. புத்தகங்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: ஹீமோஃபிலியா வரும் குடும்பங்களில் சுமார் மூன்றில் ஒன்றில் முன்பு யாருக்கும் அது இருந்ததில்லை. புதிதாக ஏற்பட்ட மாற்றமாக இருக்கலாம். 'உன் பக்கத்திலிருந்துதான் வந்தது' என்று தாயைக் குத்திக்காட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். வந்திருந்தாலும் அது யார் குற்றமும் இல்லை.

மூன்று நிறப் பூனைகள் எல்லாம் பெண்ணாமே?

ஏறக்குறைய எல்லாமே. பூனையின் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. பெண் பூனையின் கருவில், ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஏதோ ஒன்று சுருண்டு அமைதியாகிவிடும். எது என்பது அந்தந்தச் செல்லின் குருட்டு அதிர்ஷ்டம். ஆரஞ்சு எக்ஸ் விழித்திருக்கும் இடத்தில் ஆரஞ்சுத் திட்டு, மற்ற இடத்தில் கருப்புத் திட்டு. வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை. எக்ஸ் இப்படி அணைகிறது என்ற கருத்தை மேரி லயன் 1961இல் முன்வைத்தார். மூவண்ண ஆண் பூனை எப்போதாவது பிறந்தால், பெரும்பாலும் அதற்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும்.

பெண்களின் உடலிலும் இதே கலவைதான். அதனால்தான் ஹீமோஃபிலியா அல்லீல் ஒன்றை மட்டும் கொண்ட சில பெண்களுக்கும் மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருக்கும். 'நீங்கள் வெறும் கடத்தி, உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று அவர்களை அனுப்பிவிடுவது சரியல்ல.

காதில் முடி முளைப்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகுமா?

ஒய் குரோமோசோம் வழிப் பண்புக்குப் பாடநூல் தரும் உதாரணம் இது. ஆனால் தென்னிந்தியாவைச் சேர்ந்த, காதில் முடி உள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து 2004இல் வந்த ஆய்வு, அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று காட்டியது. பரீட்சையில் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். வெளியே வந்து மறந்துவிடுங்கள். ஒய் வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதற்கு நல்ல உதாரணம், விந்தணு உற்பத்தியைக் குறைக்கும் சில ஒய் குரோமோசோம் இழப்புகள்.

வழுக்கை அம்மாவின் அப்பாவிடமிருந்துதான் வருமா?

பாதி உண்மை. ஆண் ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது, அதற்கு வழுக்கையில் பெரிய பங்கு உண்டு. ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் வழுக்கையோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் இருநூறுக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன; அவற்றில் பெரும்பாலானவை எக்ஸில் இல்லை. தாத்தாவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அப்பாவின் தலையையும் பாருங்கள்.

தாயிடமிருந்து மட்டுமே வருவது ஏதாவது உண்டா?

மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்புக்குத் தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ வளையம் உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா கருவில் நிலைப்பதில்லை. அதனால் இதில் உள்ள பழுது தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். மகன்கள் அதை மேற்கொண்டு கடத்துவதில்லை, மகள்கள் கடத்துவார்கள். ஒரு செல்லில் நல்ல வளையங்களும் பழுதானவையும் கலந்து இருக்கலாம். கருமுட்டைக்கு எந்த விகிதத்தில் போகிறது என்பதைப் பொறுத்து, ஒரே தாயின் ஒரு பிள்ளைக்குக் கடுமையாகவும் இன்னொன்றுக்குத் தெரியாத அளவிலும் இருக்கும்.

இங்கும் அந்திமந்தாரை வருகிறது. அதன் ஒரு வகையில் பச்சையும் வெள்ளையும் கலந்த இலைகள் உண்டு. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் கவலையில்லை, விதை தந்த கிளையின் நிறமே பிள்ளைச் செடியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்று 1909இல் எழுதியவரும் அதே காரென்ஸ்தான். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்கும் சொந்த டிஎன்ஏ இருப்பதே காரணம். அது பிற்பாடுதான் தெரிந்தது.

'மூன்று பெற்றோர் குழந்தை' என்று செய்திகளில் வருவதும் இந்த விஷயம்தான். தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதில் வேறொரு பெண்ணின் கருமுட்டையில் உள்ளவற்றைப் பயன்படுத்தும் முறை அது. பிரிட்டன் 2015இல் இதற்குச் சட்ட அனுமதி தந்தது. இந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025இல் நியூகாசில் குழு அறிவித்தது.

ஒரே மரபணு அப்பாவிடமிருந்து வந்தால் ஒரு விதம், அம்மாவிடமிருந்து வந்தால் வேறு விதமா?

சில மரபணுக்களில் அப்படித்தான். அவற்றில் ஒரு பெற்றோரின் பிரதி முத்திரை குத்தி அணைக்கப்பட்டிருக்கும். இன்னொருவரின் பிரதிதான் வேலை செய்யும். 15ஆம் குரோமோசோமில் ஒரே பகுதி விடுபட்டுப்போனால், அது அப்பாவிடமிருந்து வந்த குரோமோசோம் என்றால் பிராடர்-வில்லி நோய்க்குறி: பிறந்தபோது தளர்ந்த உடல், பிறகு அடங்காத பசி. அம்மாவிடமிருந்து வந்தது என்றால் ஏஞ்சல்மேன் நோய்க்குறி: பேச்சு வராமை, வலிப்பு, எப்போதும் சிரித்த முகம். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது பழைய முத்திரை அழிந்து, கொடுப்பவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப புதிதாகக் குத்தப்படும்.

மரபணு இருந்தும் நோய் வராமல் இருக்குமா?

இருக்கும். பிஆர்சிஏ1 மரபணுவில் பழுதுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை. இது அப்பா வழியாகவும் வரும். அத்தைக்கு வந்ததை 'அது அப்பா பக்கம்தானே' என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், சொல்லுங்கள்.

மூளையின் நரம்பு செல்கள் மெல்லச் சிதையும் ஹண்டிங்டன் நோய் இன்னொரு விதம். அதன் மரபணுவில் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். 40 தடவைக்கு மேல் போனால் வாழ்நாளில் நோய் வந்தே தீரும் எனலாம். பிள்ளைக்குப் போகும்போது, குறிப்பாக அப்பா வழியாகப் போகும்போது, அந்த எண்ணிக்கை கூடக்கூடும்; அதனால் அடுத்த தலைமுறைக்கு இன்னும் சின்ன வயதிலேயே வரும். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களின் உதவியோடுதான் 1993இல் இந்த மரபணு பிடிபட்டது.

உயரம், தோல் நிறம் எல்லாம் எந்த வகை?

பல மரபணுக்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் கடுகளவு பங்களித்து உருவாகும் பண்புகள். மெண்டலின் விதிப்படி நடக்கும் காரணிகள் பல சேர்ந்தாலே இப்படித் தொடர்ச்சியான வேறுபாடு வரும் என்று ஆர். ஏ. ஃபிஷர் 1918இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 54 லட்சம் பேரின் தரவை வைத்து 2022இல் வந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 மாற்றங்களைக் கண்டது. சாப்பாடும் சிறுவயது நோய்களும் இதற்கு மேல்.

தோல் நிறத்துக்கும் இதே கதை. அண்ணன் கறுப்பு, தங்கை சிவப்பு என்று ஒரே வீட்டில் இருப்பது இதனால்தான். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பாலுக்கு நல்ல மணம் வரும்.

நாக்கைச் சுருட்டுவது ஓங்கு பண்புதானே?

1940இல் மரபியலாளர் ஸ்டர்ட்டெவன்ட் அப்படி எழுதினார். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களில் ஒருவர் சுருட்ட, மற்றவரால் முடியாமல் இருப்பது 1952இல் தெரியவந்தது. பிறகு ஸ்டர்ட்டெவன்டே அது இன்னும் புத்தகங்களில் இருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்றார். காது மடல் ஒட்டியிருப்பதும் அப்படியே. பல மரபணுக்கள் சம்பந்தப்பட்டது.

சொந்தத்தில் திருமணம் செய்தால் இவை எல்லாமே கூடுமா?

எல்லாமே கூடுவதில்லை. முக்கியமாகக் கூடுவது ஒடுங்கு பண்பாக வரும் நோய்கள். காரணம், ஒரே தாத்தா பாட்டியின் ஒரே பழுதான பிரதி இரு பக்கமும் சுற்றி வந்து பிள்ளையிடம் சந்திக்கலாம். பிள்ளையின் ஒரு மரபணுவில் இரண்டு பிரதியும் அப்படி ஒரே மூலத்திலிருந்து வரும் வாய்ப்பு, அத்தை மகன் - மாமன் மகள் திருமணத்தில் 16இல் ஒன்று. தாய்மாமன் - அக்கா மகள் திருமணத்தில் 8இல் ஒன்று. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பழுதால் வரும் நோய்க்கோ ஹண்டிங்டனுக்கோ இதனால் ஒன்றும் ஆகாது. அதேபோல், அந்நியத்தில் மணந்தாலும், ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத நோயான தலசீமியாவின் அல்லீல் இருவரிடமும் இருந்தால் ஆபத்து ஆபத்துதான். திருமணத்துக்கு முன் ஹீமோகுளோபின் வகையைப் பார்க்கும் ஒரு ரத்தச் சோதனை, ஜாதகத்தைவிட உருப்படியான விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் குடும்பத்தில் எந்த வகை ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கருப்பு, சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இரட்டைக் கோடு. நோய் எந்த வயதில் தொடங்கியது, கருச்சிதைவுகள், சின்ன வயதில் இறந்த குழந்தைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இவற்றைப் பேசத் தயங்குவார்கள். பாட்டிகளைத் தனியாகக் கேட்டால் சொல்வார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒரு தடவையாவது போயிருந்தால் எக்ஸ் வழியைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். தாய்மார் வழியாக மட்டுமே ஆண் பெண் இருபாலருக்கும் வந்தால் மைட்டோகாண்ட்ரியாவைச் சந்தேகிக்கலாம். அதற்கு மேல் நீங்களாக முடிவெடுக்காமல், அந்தத் தாளையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசகரிடம் போங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவிலோ மகப்பேறுப் பிரிவிலோ கேட்டால் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள்.